துரைசானிக்குக் கடல் தண்ணீர்

1938 ஜனவரி 4, செவ்வாய். வெள்ளவத்தை.

துரைசானி இன்றைக்கும் முகம் காட்டவில்லை. இறால் துண்டை வாயருகில் வைத்தேன். தொட்டாள், விட்டாள்.

புது வருடம், புது டயறி. அதனால் முறையாக எழுதி வைக்கிறேன். நான் செத்தபின் எடுத்துப் படிக்கிறவன் குழம்பக்கூடாது. துரைசானி என்பது முன்விறாந்தையில் கண்ணாடித் தொட்டிக்குள் இருக்கும் கடற்சாமந்தி. பெயர்தான் சாமந்தி, ஆள் பிராணி. கல்லில் ஒட்டிக்கொண்டு, ஐம்பது அறுபது கைகளையும் விரித்து, நடுவில் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு, யாராவது சாப்பாடு கொண்டுவரும் வரை காத்திருப்பாள். வேறு அலுவல் கிடையாது. நான் வேலை பார்த்த உப்பளத்து வெள்ளைக்காரப் பெரிய துரையின் பெண்சாதியும் அப்படித்தான் காலம் தள்ளினாள் என்பதால் இந்தப் பெயரை நான் வைத்தேன்.

தொட்டி நேசமலருடையது. ஒரே மகள், பெண்கள் பள்ளிக்கூடத்தில் இயற்கைப் பாடம் படிப்பிக்கிறவள். நாலு வருடத்துக்கு முன் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பாறையில் பிடித்து வந்தாள். போன ஆகஸ்டில் ரெஜிஸ்தர் கந்தோரில் கல்யாணத்தை முடித்துக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போய்விட்டாள். மாப்பிள்ளை துறைமுகத்தில் கப்பல் சாமான் எண்ணுகிற கிளாக்கர். திருநெல்வேலிப் பக்கத்து ஆள். பெயர் சுடலைமுத்து. யாழ்ப்பாணம் முழுக்கத் தேடி ஏழு சாதகம் நான் மேசை இலாச்சியில் வைத்திருந்தேன். இவள் சுடலையைத் தேடிப் போனாள்.

இனி இந்த வீட்டுப் படி மிதிக்காதே என்று சொன்னேன். சொன்னது நான்தான். சத்தமாகவும் சொன்னேன்.

அவள் இரண்டு பெட்டியும் புத்தகங்களும் எடுத்துக்கொண்டாள். தொட்டியைத் தூக்க நாலு ஆள் வேண்டும். கண்ணாடியில் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டாள். "தண்ணி இந்தக் கோட்டுக்குக் கீழ போகப்படாது" என்று தாய் கனகேஸ்வரியிடம் சொன்னாள். என்னிடம் சொல்லவில்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன்.

அன்றிலிருந்து தண்ணீர் கோட்டுக்குக் கீழே போனதில்லை. காலை ஆறு மணிக்குத் தண்டவாளத்தைத் தாண்டிப் போய், கடலில் ஒரு வாளி மொண்டு, துணியில் வடித்துக் கொண்டுவந்து, குறைந்ததை நிரப்புகிறேன். ஒரு நாள் தவறவில்லை. ஆனையிறவிலும் புத்தளத்திலும் இருபத்தெட்டு வருடம் அரசாங்க உப்பளங்களை மேற்பார்வை செய்தவன் நான். கடல் தண்ணீரைப் பற்றி இந்த நவரத்தினத்துக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை.

ஜனவரி 7, வெள்ளி

கனகேஸ்வரி கொச்சிக்கடைச் சிவன் கோயிலுக்குப் போய்விட்டாள். வெள்ளிக்கு வெள்ளி போகிறாள். காலை எட்டு மணிக்குப் போனால் பின்னேரம் நாலுக்கு வருவாள். எந்தச் சாமியும் ஒரு மனுசியை எட்டு மணித்தியாலம் பிடித்து வைக்காது. போகும்போது பையில் மோதகம் இருபது, எலுமிச்சை ஊறுகாய் ஒரு போத்தல். சிவபெருமானுக்கு எப்போது ஊறுகாய் பிடிக்கத் தொடங்கியது என்று நான் கேட்கவில்லை. கோயிலிலிருந்து மகள் வீடு இரண்டு தெரு.

எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியும். நாங்கள் அதைப் பற்றிக் கதைப்பதில்லை. முப்பது வருடக் கல்யாணத்தில் இந்தளவு நாகரிகம் வந்திருக்கிறது.

அவள் செருப்பு மாட்டும்போது நான் யன்னலைப் பார்த்து, "இந்தச் சீவன் இறால் தின்னுதில்லை. ஏனெண்டு ஆருக்குத் தெரியும்" என்றேன். யன்னலுக்குத் தெரியவில்லை.

பின்னேரம் வந்தவள் தண்ணீர் குடித்துவிட்டு, "இஞ்சருங்கோ, கோயில்ல ஒரு பிள்ளையைக் கண்டனான். கடற்சாமந்தியைப் பற்றி அந்தப் பிள்ளைக்கு நல்லாத் தெரியுமாம். இறாலைப் பொடியா வெட்டி ஈர்க்கில குத்திக் குடுக்கட்டாம்" என்றாள்.

"அந்தப் பிள்ளை எப்பிடி இருக்குது?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

"நல்லா இருக்குது. கொஞ்சம் மெலிவு."

இன்று வெள்ளி, இறால் வீட்டுக்குள் வராது. துரைசானி சைவமா என்று யாரும் கேட்கவில்லை, விரதம் மட்டும் பிடிக்கிறாள்.

ஜனவரி 14, வெள்ளி

பொங்கல். நேசு இல்லாத முதல் பொங்கல். பால் கிழக்கே பொங்கியது, நல்லதாம். சோறு எனக்கு இறங்கவில்லை.

ஜனவரி 19, புதன்

பக்கத்து வீட்டு ஸவாஹிர் வந்தார். ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். உலகத்தில் எல்லா நோயும் வயிற்றிலிருந்து வருகிறது என்பது அவருடைய கட்சி. தொட்டியைச் சுற்றி இரண்டு தரம் நடந்தார். "தொரை, இதுக்கு நாக்கு எங்க ஈக்கிது?" என்றார். நாக்கு இல்லை என்றேன். "அப்ப நாடி?" அதுவும் இல்லை. தானே பார்க்கிறேன் என்று விரலை விட்டார். துரைசானியின் இரண்டு கை அதில் ஒட்டிக்கொண்டது. ஐந்து நிமிடம் விரலைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ஆளுக்குச் சக்தி ஈக்கிது. ஆனா மனசு சரியில்ல" என்பது அவருடைய தீர்ப்பு. தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்.

ஜனவரி 28, வெள்ளி

சுருங்கிக்கொண்டே வருகிறாள். விரித்தால் சோற்றுக் கோப்பையளவு இருந்தவள், இப்போது எலுமிச்சங்காய்.

கோயில் பிள்ளை இன்று கேட்டு அனுப்பியதாம்: தண்ணீர் மாற்றுகிறார்களா?

கேட்க வேண்டிய கேள்வியா இது? "ஒவ்வொரு நாளும் புதுக் கடல் தண்ணி விடுறன் எண்டு சொல்லும். ஒரு நாள் தவறேல்லை. மழையெண்டாலும் போறனான்" என்றேன். அடுத்த வெள்ளி அந்தப் பதில் போகும்.

பெப்ரவரி 4, வெள்ளி

பதில் வந்தது. "ஒவ்வொரு நாளும் மாத்தினால் தண்ணியில பிழை இராதாம். கொஞ்ச நாள் சுருங்கிக் கிடக்குமாம், தானா விரியுமாம். பயப்பட வேண்டாமாம்."

ஆர் பயந்தது?

பெப்ரவரி 11, வெள்ளி

இன்று வேறு செய்தி. கனகேஸ்வரி செருப்பைக் கழற்றாமலே நின்று சொன்னாள்: "அந்தப் பிள்ளையின்ர மனிசன் ஒரு தொட்டி செய்துபோட்டாராம். கடற்சாமந்தியை அங்க எடுக்கட்டோ எண்டு கேட்டவை."

கப்பல் சாமான் எண்ணுகிறவன் தொட்டி செய்கிறானாம். "கோயில்ல கண்ட பிள்ளைக்கு எங்கட வீட்டுச் சீவன் என்னத்துக்கு? குடுக்கேலாது எண்டு சொல்லும்" என்றேன். கனகேஸ்வரி குசினிக்குள் போனாள். சட்டிகள் பேசின.

உண்மையை இங்கேயாவது எழுதலாம். இதைக் கொடுத்துவிட்டால் வெள்ளிக்கிழமைகளில் எனக்கென்று ஒரு சொல் வர என்ன இருக்கிறது? இறாலை எப்படி வெட்டுவது, வெயில் எவ்வளவு படலாம் என்று ஆறு மாதமாக என் மகள் என்னோடு கதைத்துக்கொண்டிருக்கிறாள். இதுவும் போனால் அவள் தாயோடு மட்டும்தான் கதைப்பாள்.

எழுதிவிட்டுப் பார்க்க வெட்கமாக இருக்கிறது. இருக்கட்டும்.

பெப்ரவரி 20, ஞாயிறு

எலுமிச்சங்காய் இப்போது பாக்கு. மழை ஒரு மாதமாக இல்லை. தொட்டியில் தண்ணீர் முன்னையிலும் வேகமாகக் குறைகிறது. இரண்டு நேரமும் கடலுக்குப் போகிறேன். கோட்டுக்குக் கீழே விடமாட்டேன்.

பெப்ரவரி 27, ஞாயிறு

நாளைக்குச் சிவராத்திரி. ராத்திரி ஒன்றுதான், கனகேஸ்வரிக்கு அது வியாழக்கிழமை வரை நீளுமாம். "கோயிலடியில தெரிஞ்ச ஆக்கள் வீட்டில நிப்பன்" என்றாள். துணிப்பை இரண்டு, பலாக்காய் ஒன்று. தெரிந்த ஆட்களுக்கு என்னுடைய வணக்கத்தைச் சொல்லும் என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

மார்ச் 2, புதன்

என்ன எழுதுவது, எங்கே தொடங்குவது.

காலையில் தொட்டியருகே போனேன். துரைசானி கல்லை விட்டுக் கழன்று மணலில் சரிந்து கிடந்தாள். வாய் பிளந்திருந்தது. குனிந்து பார்க்கும்போது கண்ணாடி விளிம்பில் கை வைத்தேன். சொரசொரவென்று ஏதோ விரலில் ஒட்டியது. வெள்ளையாக, விளிம்பு நெடுக, விரல் தடிப்பில்.

கனகேஸ்வரி தினமும் காலையில் தொட்டியைத் துடைப்பாள். அவள் போய் நாலு நாள். துடைக்க ஆளில்லாமல் படிந்திருக்கிறது.

நாக்கில் வைத்துப் பார்த்தேன். பார்க்கத் தேவையே இல்லை. இருபத்தெட்டு வருடம் இதைத்தான் நாக்கில் வைத்துத் தரம் பிரித்தேன். முதல் தரம். கறுப்பில்லை, கசப்பில்லை. ஆனையிறவில் இதைக் கண்டால் குத்தகைக்காரனைக் கூப்பிட்டுப் பாராட்டியிருப்பேன்.

கதிரையில் இருந்துவிட்டேன்.

கடல் தண்ணீரைப் பாத்தியில் விடு, வெயில் தண்ணீரைக் குடிக்கும், உப்பு நிற்கும். குறைந்தால் இன்னும் கடல் தண்ணீர் விடு. உப்பு கூடும். இதற்குத்தானே எனக்குச் சம்பளம் தந்தார்கள், இதற்குத்தானே இன்றைக்கும் பென்சன் தருகிறார்கள். ஏழு மாதம், ஒரு நாள் தவறாமல், வடித்து வடித்து, என் வீட்டு விறாந்தையில் ஒரு உப்பளம் நடத்தியிருக்கிறேன். பிள்ளை வளர்த்த சீவனை நடுவில் போட்டு ஊறுகாய் போட்டிருக்கிறேன். மழை வந்தாலும் போனேனாம். பெருமை வேறு.

நேசு எப்படி நிரப்பினாள் என்று யோசித்தேன். கிணற்றடியில் நின்று செம்பில் மொள்ளுகிறாள். கண்ணுக்குத் தெரிகிறது. கிணற்றுத் தண்ணீர். நாலு வருடம் என் கண் முன்னாலேதான் செய்தாள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

ஒரேயடியாக நல்ல தண்ணீரை ஊற்றலாமா? அதிலும் செத்துவிடுமா? தெரியாது. தெரிந்தவள் ஒருத்திதான். வெள்ளி வரை சீவன் நிற்காது.

எனாமல் வாளியில் தொட்டித் தண்ணீரோடு துரைசானியை அள்ளிப்போட்டு, மேலே துணி கட்டி, ஸ்டேசனுக்கு நடந்தேன். சால்வை எடுக்கவில்லை என்பது றெயிலில் ஏறிய பிறகுதான் தெரிந்தது.

டிக்கெட் பார்க்கும் காட் வந்து வாளியில் என்ன என்று சிங்களத்தில் கேட்டான். பூ என்றேன். துணியை விலக்கிப் பார்த்தான். "மாத்தயா, பூவுக்கு வாய் இருக்கே" என்றான். இருக்கிறது, ஆனால் உன்னை விடக் குறைவாகத்தான் பேசும் என்று சொல்லியிருப்பேன். சிங்களத்தில் அந்தளவு எனக்கு ஓடாது. கோட்டை ஸ்டேசனில் இறங்கும்போது வாளி சரிந்து மடியெல்லாம் நனைந்தது. ஐம்பத்தெட்டு வயதில் மடி நனைந்த வேட்டியோடு ஒரு மனுசன் றிக்சோவில் கொட்டாஞ்சேனை போனால் ஊர் என்ன நினைக்கும் என்று எனக்குத் தெரியும். நினைக்கட்டும்.

வீட்டை விசாரிக்கத் தேவைப்படவில்லை. நவம்பரில் ஒரு நாள் அந்தத் தெருவால் போயிருக்கிறேன். மூன்று தரம் போனேன்.

கதவைத் திறந்தவன் சுடலைமுத்து. வேலைக்குப் புறப்பட்ட கோலம், ஒரு கையில் கழுத்துப்பட்டி. என்னைப் பார்த்தான், வாளியைப் பார்த்தான், வேட்டியைப் பார்த்தான். சிரிக்கவில்லை. அந்தளவில் மனுசன்.

"உள்ள வாங்க மாமா. வாளிய நான் பிடிக்குதேன்" என்றான். கொடுத்தேன்.

குசினிக்குள்ளிருந்து கனகேஸ்வரி அகப்பையோடு வந்து, என்னைக் கண்டு, திரும்பிப் போக இடமில்லாமல் நின்றாள். "சிவராத்திரி முடிஞ்சுதோ?" என்று கேட்டேன்.

பிறகு நேசு வந்தாள். மெலிவுதான். தாய் சொன்னதை விட மெலிவு. கேட்கவென்று ஏழு மாதமாகச் சேர்த்து வைத்ததையெல்லாம் விட்டுவிட்டு வாளியைக் காட்டினேன். அவள் நேராக வாளியருகே குந்தினாள், விரலை நனைத்து நாக்கில் வைத்தாள், முகம் மாறியது.

"அப்பா, இது என்ன தண்ணி?"

"கடல் தண்ணி. குறையக் குறைய விட்டனான்."

"மாத்திறீங்கள் எண்டெல்லோ அம்மா சொன்னவ."

"மாத்தேல்லை. மேலால விட்டனான்." பிறகு சொன்னேன், சொல்லித்தான் ஆக வேண்டும்: "உப்பளம் போட்டிட்டன் பிள்ளை."

அவள் என்னைப் பார்த்தாள். இருபத்தெட்டு வருடத்தில் எந்த மேலதிகாரியிடமும் நான் என் பிழையென்று ஒப்புக்கொண்டதில்லை. அவளுக்கும் அது தெரியும். சிரிப்பு வந்து, அடக்கி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "முத்து, கிணத்துத் தண்ணி ஒரு செம்பு. சின்னக் கோப்பையும்" என்றாள்.

மணிக்கு ஒரு கோப்பை வீதம் நல்ல தண்ணீர் விடவேண்டுமாம். மெதுவாகத்தான் உப்பை இறக்கலாமாம். நானும் அவளும் வாளிக்கு இரண்டு பக்கமும் இருந்து ஊற்றினோம். அவன் வேலைக்குப் போகவில்லை. மத்தியானம் அங்கே சாப்பிட்டேன். பலாக்காய்க் கறி.

அவன் செய்த தொட்டி மூலையில் இருந்தது. மூலைகளெல்லாம் நேராக இருக்கின்றன. எங்கள் தொட்டி அப்படியில்லை.

மார்ச் 6, ஞாயிறு

துறைமுகத்துத் தண்ணீரில் கப்பல் எண்ணெய் மிதக்கிறது, அது துரைசானிக்கு ஆகாது என்று நேசு சொன்னாள். வெள்ளவத்தைத் தண்ணீர்தான் வேண்டுமாம். மூடி போட்ட வாளி இரண்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். காட் அதே ஆள். எழுந்து இடம் தந்தான்.

அவன் செய்த தொட்டியில் துரைசானி மணலில் கிடக்கிறாள். வாய் மூடியிருக்கிறது. நல்ல அறிகுறி என்றாள் நேசு. நல்ல அறிகுறி என்று மூன்று தரம் சொன்னாள்.

மார்ச் 13, ஞாயிறு

இரண்டு வாளி. தொட்டியைச் சீலையால் மூடியிருந்தார்கள். வெளிச்சம் படக்கூடாதாம். எட்டிப் பார்க்கவும் விடவில்லை. "இனி வரத் தேவையில்லையெண்டு நினைக்காதேங்கோ, தண்ணி கட்டாயம் வேணும்" என்றாள் நேசு. நான் ஒன்றும் நினைக்கவில்லையே.

மார்ச் 20, ஞாயிறு

சீலையை எடுத்திருந்தார்கள். உள்ளே கல்லில் ஒட்டிக்கொண்டு, கைகளை நன்றாக விரித்தபடி ஒரு கடற்சாமந்தி.

"பாத்தீங்களோ அப்பா, பிழைச்சிட்டா" என்றாள் நேசு. கனகேஸ்வரி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்று அவளும் என்னோடு வந்திருந்தாள்.

துரைசானியின் கை நுனிகள் ஊதா. இதன் நுனிகள் பச்சை. துரைசானிக்கு அடியில் ஒரு வெள்ளை வடு உண்டு, இதற்கில்லை. ஏழு மாதம் காலையும் மாலையும் அவள் முகத்தில் விழித்தவன் நான்.

செத்துவிட்டாள். என் கையால். இந்த வரியை எழுதக் கை கூசுகிறது.

சுடலைமுத்துவின் வலது காலில் பெரிய கட்டு. முழங்கையிலும் கீறல். என்ன நடந்தது என்று கேட்டேன். "கல்கிசையில ஒரு சேக்காளியப் பாக்கப் போனேன் மாமா. பாறையில வழுக்கிட்டு" என்றான். சேக்காளி பாறைக்கு மேல் குடியிருக்கிறார் போலும். வெள்ளவத்தைப் பாறைக்கு வந்தால் நான் காண்பேன் என்று, கல்கிசை வரை போய், கடலுக்குள் இறங்கி, காலைக் கிழித்துக்கொண்டு, இதை எடுத்து வந்திருக்கிறான். எதற்கு? ஞாயிற்றுக்கிழமை நான் வாளி தூக்கிக்கொண்டு வருவதற்கு ஒரு காரணம் இருக்கவேண்டும் என்று.

மூன்று பேரும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"நல்லாத் தேறியிருக்கிறா" என்றேன். "முன்னையிலும் வடிவு."

வாளிகளைக் காலி செய்து தந்தான். நொண்டி நொண்டி வாசல் வரை வந்தான். படியில் இறங்கிய பிறகு திரும்பிச் சொன்னேன்: "இனி உம்மட சேக்காளியைப் பாக்கிறதெண்டால் கல்கிசைக்குப் போகவேண்டாம். எங்கட வீட்டுக்குப் பின்னால நல்ல பாறை இருக்குது. வழுக்காது."

அவன் முகம் சிவந்தது. பிறகு, "எந்த வழியா வரணும் மாமா?" என்றான்.

"முன் வாசலால வாரும். நேசுவையும் கூட்டிக்கொண்டு."